இட்ட கையும் உண்ட வாயும்

உணவிடுதல் அறங்களுள் தலையாயது என்பது தமிழர் மரபு. பசித்து வந்தவனுக்குச் சோறிட்டவனை உயிர் தந்தவனாகவே நம் முன்னோர் போற்றினர். வடலூரில் 1867ஆம் ஆண்டில் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து வருகிறது. கோயில் திருவிழாவாயினும் இல்லத்துத் திருமணமாயினும் பந்தி பரிமாறாமல் நிறைவுறுவதில்லை. இத்துணைப் பெருமையுடன் உணவிடுதலைப் பேசும் நாம், இட்ட உணவு எத்தகையது என்னும் வினாவை அத்துணை அக்கறையுடன் எழுப்புகிறோமா? இடுவது அறம், இட்டது நஞ்சாயின் அது என்னாகும்? அறியாமல் இட்டவன் குற்றமற்றவனா? அறிய வழியிருந்தும் அறிய முயலாமல் இட்டவன் நிலை யாது?

இவ்வினாக்களை என் உள்ளத்தில் எழுப்பியது பெருநூல் எதுவுமன்று. ஈப்போவின் புறநகரில், மலிவு விலை வீடமைப்புப் பகுதியொன்றில் வாழும் மூதாட்டி ஒருவரின் கண்ணீரே ஆகும்.

பாட்டியின் கேள்வி

அம்மூதாட்டி முப்பதாண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறி, மரங்கள் சாய்க்கப்பட்டு, இலயன் வீடுகள் இடிக்கப்பட்டபின் மகனோடு நகர்ப்புறம் வந்து சேர்ந்தார். அவருடைய பேரன் எங்கள் பள்ளியில் பயின்றவன். அவ்வீட்டில் கறுப்பன் என்றொரு நாய் இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் தொழிற்சாலைக்கும் சென்றபின், பகலெல்லாம் அம்மூதாட்டிக்குப் பேச்சுத்துணை அதுவே.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை அவ்வழியே சென்றபோது, வாயிற்படியில் அவர் தனித்து அமர்ந்திருக்கக் கண்டேன். நாய் எங்கே என்று கேட்டேன். அடக்கி வைத்திருந்த துயரம் உடைந்தது.

"போயிடுச்சு, பெரிய வாத்தியாரே. நாலு நாளா ஒண்ணும் திங்கல. வாந்தி எடுத்துச்சு, கண்ணெல்லாம் மஞ்சளாப் போச்சு. நான் வாங்கிப் போட்டதுதானே அதைக் கொன்னுடுச்சு? அதுக்கு என்னா தெரியும்? என் கையை நம்பித்தானே தின்னுச்சு?"

நடந்ததை விசாரித்தறிந்தேன். அண்மைக் காலமாக அந்நாய்க்கு அவர் இட்டு வந்தது, கடையில் நிறுத்து விற்கப்படும் உலர்தீனி. பெரிய மூட்டையைப் பிரித்து, கிலோக் கணக்கில் கண்ணாடிப் பைகளில் கட்டித் தொங்கவிடுவர். அப்பையில் தயாரித்தவர் பெயரில்லை, நாளில்லை, உட்பொருள் விவரமில்லை. விலை மட்டும் எழுதியிருக்கும். நாயைக் கடைசியில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றபோது, ஈரல் கெட்டுவிட்டது என்றாராம். தீனியால் விளைந்ததா, வேறு நோயா என்பதைச் சோதனையின்றிச் சொல்ல இயலாது என்றும் உரைத்தாராம். சோதிக்கப் பையும் இல்லை, மிச்சமும் இல்லை, குப்பைக்குப் போயிருந்தன.

ஆகவே அக்கறுப்பன் எதனால் மடிந்தது என்பது எவருக்கும் தெரியாது. தீனியின்மீது பழி சுமத்த எனக்கு உரிமையில்லை. ஆயினும் அப்பாட்டியின் கேள்வி அன்றிரவு முழுவதும் என்னைத் துயிலவிடவில்லை. பிறர் கையை நம்பி உண்ணும் உயிர்க்கு, அக்கை பட்டிருக்கும் கடன் எவ்வளவு?

அன்றும் இன்றும்

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த என் தலைமுறையினர்க்கு நாய்த்தீனி என்னும் சொல்லே புதியது. இலயன் வீட்டு நாய்க்குத் தனி உணவு ஏது? வெள்ளாப்பில் பால் வெட்டுக்குப் புறப்படும் முன் உண்ட பழஞ்சோற்றின் மீதி, கருவாட்டின் தலை, சட்டியில் ஒட்டிய குழம்பு ஆகியவையே அதன் விருந்து. வீட்டில் அடுப்பு எரிந்தால் நாயும் உண்ணும். எரியாவிட்டால் நாயும் பட்டினி. ஒரே பானையில் இருந்து இருவரும் உண்டமையால், அதன் உணவு கெட்டதாயின் நம் உணவும் கெட்டதே. அந்நாளில் நாயின் நலத்திற்குப் பிணையாக நின்றது நம் சொந்த வயிறே எனலாம்.

அக்காலத்தைப் பொற்காலம் என்று புனைந்துரைக்க நான் விரும்பவில்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியைக் கெடுக்கும் என்பதை அன்று நாம் அறிந்திலோம். வேகவைத்த கோழியெலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும் என்பதையும் அறிந்திலோம். நாய்கள் சில ஆண்டுகளிலேயே மடிந்தன. ஏன் மடிந்தன என்று எவரும் கேட்கவில்லை. மற்றொரு குட்டி வந்து சேர்ந்தது. எனவே கடைத்தீனியை விடுத்துப் பழஞ்சோற்றுக்குத் திரும்புவதே தீர்வு என்று கூறுவது எளிது; அது உண்மையாகாது. முறையாகச் செய்யப்பட்ட தீனி நாய்க்கு வேண்டிய சத்துகளை அளவறிந்து தருவதும் உண்மை. நாள்தோறும் கோடிக்கணக்கான விலங்குகள் அதனை உண்டு நலமாக வாழ்வதும் உண்மை.

மாறியது யாதெனில், பானை இரண்டாகிவிட்டது. நாம் உண்பது ஒன்று, நாய் உண்பது மற்றொன்று. அதன் உணவை நாம் சுவைத்துப் பார்ப்பதில்லை. அது எந்நாட்டில் விளைந்தது, எத்தனை கைகள் மாறியது என்பதும் நமக்குத் தெரியாது. நாய் நம்மை நம்புகிறது. நாம் கடைக்காரரை நம்புகிறோம். கடைக்காரர் மொத்த வணிகரை நம்புகிறார். அவர் தொழிற்சாலையை நம்புகிறார். தொழிற்சாலை மூலப்பொருள் விற்றவரை நம்புகிறது. ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து நடக்கும் பார்வையற்றோர் வரிசை போன்றது இந்நம்பிக்கைச் சங்கிலி. முன்னே நடப்பவன் குழியில் விழுந்தால், கடைசியில் வரும் வாயில்லா உயிரும் விழுகிறது.

ஆறு கோடிப் பொட்டலங்கள்

இஃது என் கற்பனையன்று. 2004ஆம் ஆண்டில் தைவான் உள்ளிட்ட ஆசிய நாடுகள் பலவற்றில் நாய்கள் சிறுநீரகம் செயலிழந்து மடியத் தொடங்கின. இடங்கள் வெவ்வேறாயினும் அவை உண்டது தாய்லாந்துத் தொழிற்சாலையொன்றில் செய்யப்பட்ட உலர்தீனியே என்று கண்டறியப்பட்டது. தீனி கடைகளினின்றும் திரும்பப் பெறப்பட்டது. நோயுற்றவை ஆயிரக்கணக்கின. பூஞ்சை பிடித்த மூலப்பொருளே காரணம் என்று அன்று கருதப்பட்டது; செய்தி மெல்ல மறக்கப்பட்டது.

மூன்றாண்டுகள் கழித்து, 2007 மார்ச்சு மாதத்தில் வட அமெரிக்காவில் அதே துயரம் மீண்டும் நிகழ்ந்தது. கனடா நாட்டு நிறுவனம் ஒன்று ஏறத்தாழ ஆறு கோடி டின்களையும் பொட்டலங்களையும் திரும்பப் பெற நேர்ந்தது. வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு விலைகளில் விற்கப்பட்ட தீனிகள் பல ஒரே ஆலையில் செய்யப்பட்டவை என்பதை அப்போதுதான் மக்கள் அறிந்து திகைத்தனர். விலை மிகுந்ததை வாங்கியவரும் மலிவானதை வாங்கியவரும் ஒரே துயரை அடைந்தனர். சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என்று வாங்கப்பட்ட மாவில் மெலமைன் என்னும் வேதிப்பொருள் கலந்திருந்ததே காரணம். நம் வீடுகளிலும் உணவுக் கடைகளிலும் புழங்கும் உடையாத தட்டுகள் எதனால் செய்யப்படுகின்றனவோ, அப்பொருளே அது. தட்டாக இருக்க வேண்டியது சோறாக மாறியிருந்தது! அதனுடன் சயனூரிக் அமிலம் என்னும் மற்றொரு பொருளும் இருந்தது. தனித்தனியே அத்துணைக் கொடியவையல்லாத இவ்விரண்டும் உடலுள் ஒன்று சேரும்போது, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகங்களாக உறைந்து அவற்றை அடைத்துவிடுகின்றன.

அறிஞர்கள் 2004ஆம் ஆண்டில் இறந்த நாய்களின் திசுக்களைப் பாதுகாத்து வைத்திருந்தனர். அவற்றை மீண்டும் ஆராய்ந்தபோது அதே படிகங்கள் காணப்பட்டன. முன்பு பூஞ்சை என்று பெயரிடப்பட்டது பூஞ்சையன்று, அதே கலப்படமே.

கதை இத்துடன் முடியவில்லை. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் சீன நாட்டில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமைன் கலந்திருந்த கொடுமை வெளிப்பட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்ததாக அரசே அறிவித்தது. முதலில் நாய், பின்னர் குழந்தை. இவ்விரண்டுக்கும் உள்ள ஒற்றுமை யாது? இரண்டும் கேட்கத் தெரியாதவை. தட்டில் வைத்ததை, புட்டியில் ஊற்றியதை, வைத்தவர் முகத்தை நம்பி உண்பவை.

2004ஆம் ஆண்டிலேயே நாய்களின் சாவுக்கு மெய்யான காரணம் வெளிப்பட்டிருந்தால், 2008ஆம் ஆண்டின் குழந்தைகள் காப்பாற்றப்பட்டிருப்பரா? உறுதியாகக் கூற எவராலும் இயலாது. ஆனால் அக்கேள்வியைக் கேளாமல் கடந்து செல்லவும் மனச்சான்று உடையவரால் இயலாது.

அளவும் பொருளும்

தட்டு செய்யும் பொருளை உணவில் ஏன் கலந்தனர்? இங்கேதான் ஆசிரியராகிய நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உள்ளது.

உணவில் புரதம் எவ்வளவு என்பதை நேரடியாக அளப்பது கடினம். 1883ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் கெல்டால் ஓர் எளிய முறை கண்டார். புரதத்தில் நைட்ரசன் உண்டு. ஆகவே நைட்ரசனை அளந்து, அதனைக் கொண்டு புரதத்தைக் கணக்கிடலாம். நேர்மையான உலகில் இஃது அருமையான முறை. ஆனால் புரதத்தில் நைட்ரசன் நூற்றுக்குப் பதினாறு பங்கு அளவே. மெலமைனிலோ அறுபத்தாறு பங்கு. சிறிது மெலமைனைத் தூவினால் போதும். சத்தற்ற மாவும் சோதனையில் புரதம் மிகுந்ததாகத் தோன்றும். வாங்குவோர் எண்ணைப் பார்த்தனர். விற்போர் எண்ணைக் கொடுத்தனர். உண்ட உயிருக்கு வேண்டியிருந்ததோ எண்ணன்று, உணவு.

ஒன்றை அளப்பதற்குக் கருவியாக வந்த எண், நாளடைவில் அப்பொருளின் இடத்தையே பிடித்துக்கொள்ளும் தீமை தீனி மூட்டையோடு நின்றுவிடுவதில்லை. மாணவன் கற்றானா என்பதை அறியத் தேர்வு வைத்தோம். பின்னர்த் தேர்வுப் புள்ளியே கல்வி என்று மயங்கினோம். மனப்பாடத்தைத் தூவிப் புள்ளியை உயர்த்தும் வித்தையை நாமும் அறிவோம். எண்ணைக் காட்டி ஏமாற்றிய மாவு வணிகரைப் பழிக்கும் முன், நாம் இடும் அறிவுணவும் மெய்யான உணவுதானா என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குழந்தையும் நம் கையை நம்பித்தானே உண்கிறது?

பேராக் மண்ணின் நினைவுகள்

மேற்கூறியவை அயல்நாட்டுச் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. நம் பேராக் மாநிலத்திலேயே மறக்கவொண்ணா நிகழ்ச்சியொன்று உண்டு. 1988ஆம் ஆண்டு அக்டோபரில், சீனர்களின் ஒன்பது பேரரசத் தெய்வத் திருவிழாக் காலத்தையொட்டி, கம்பார் முதலிய ஊர்களில் 'லோ சீ ஃபன்' என்னும் ஒருவகை மீயை உண்ட குழந்தைகள் நோயுற்றனர். வாந்தியும் வலிப்பும் கண்டு, ஈரல் செயலிழந்து, பதின்மூன்று குழந்தைகள் உயிர் நீத்தனர். ஆராய்ந்தபோது அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சே பெருங்காரணம் எனத் தெரிந்தது. அவ்வாண்டில் இங்கு வாழ்ந்த பெற்றோர் எவரும் அச்செய்தியை மறந்திருக்க மாட்டார்.

இந்நஞ்சினை உலகம் முதன்முதல் அறிந்ததும் விலங்கின் தீனி வழியாகவே. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் தெரியாமையால் அதற்கு 'எக்ஸ்' நோய் என்று பெயரிட்டனர். தேடிச் சென்றபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையே நஞ்சைச் சுரந்தது எனக் கண்டனர். 1974ஆம் ஆண்டில் இந்தியாவின் இராசத்தான், குசராத்து எல்லைச் சிற்றூர்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை மக்கள் நூற்றுவர்க்கு மேல் இறந்தனர். அவ்வில்லங்களில் அதே உணவை உண்ட நாய்களும் அதே நோய்க்கு ஆளாயின. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த உலர்தீனியால் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் அறிவித்தது.

வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் இப்பூஞ்சை செழிக்கும். சோளமும் கடலையும் அதற்கு உகந்தவை. கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு முற்றும் அழிவதில்லை. பிற்பகல்தோறும் மழை பெய்யும் கிந்தாப் பள்ளத்தாக்கில், பிரித்த மூட்டையை வாய்கட்டாமல் வைத்து, நாள் குறிப்பின்றிப் பைகளில் கட்டி விற்பது எத்தகைய செயல் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? கறுப்பனின் சாவுக்கு அதுவே காரணம் என்று நான் கூறவில்லை. அது காரணமாக இருக்க இடம் தந்தோம் என்பதே என் வருத்தம்.

மற்றொரு நினைவும் நமக்குண்டு. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போவைச் சூழ்ந்த பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய நோய், மறு ஆண்டில் நிப்பா என்று பெயர் பெற்று, நாட்டில் நூற்றைந்து உயிர்களைப் பறித்தது. பழந்தின்னி வௌவால் கடித்துத் தொழுவத்தில் வீழ்ந்த பழங்களின் வழியே அது பன்றிகளைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் கருத்து. பன்றிகள் முதலில் இருமின. பின்னரே மனிதர் வீழ்ந்தனர். அதற்கும் முதலில் வேறு நோயின் பெயரையே சூட்டியிருந்தோம். பொருந்தாத பெயரைச் சூட்டிவிட்டு நிறைவுகொள்வது, தேடுதலை நிறுத்திவிடுவதற்குச் சமம் என்பதை 2004ஆம் ஆண்டு நிகழ்ச்சியைப் போலவே இதுவும் கற்பிக்கிறது.

ஓர் எதிர்வினா

இங்கே ஒருவர் எழுந்து வினவலாம்: "ஐயா, தோட்டம் இழந்த நம் மக்கள் பலர்க்கு நல்ல வீடில்லை, வேலையில்லை, பிள்ளைகளுக்குச் சத்துணவில்லை. இந்நிலையில் நாய் தின்னும் தீனியின் தூய்மை பற்றிக் கவலைப்படுவது செல்வர்க்குரிய பொழுதுபோக்கன்றோ?"

இவ்வினாவை நான் இகழவில்லை. ஒரு காலத்தில் நானே இவ்வாறு எண்ணியவன். ஆனால் இதில் ஒரு பிழை மறைந்துள்ளது. அறம் என்பது பானையில் உள்ள சோறு போன்றதன்று, நாய்க்கு ஒரு கைப்பிடி அளித்தால் குழந்தைக்கு ஒரு கைப்பிடி குறைவதற்கு. அது விளக்கின் ஒளி போன்றது. திண்ணையில் ஏற்றினாலும் முற்றத்திற்கும் ஒளி தரும். நாயின் தீனியை ஆராயும் கண்ணே குழந்தையின் பால்மாவையும் ஆராயும். நாய்தானே என்று அலட்சியம் காட்டும் கை, நாளை ஏழைதானே, தோட்டக்காட்டான்தானே என்றும் அலட்சியம் காட்டும். அத்தகைய கைகளிடமிருந்து புழுத்த அரிசியைப் பெற்று உண்ட தலைமுறையின் பிள்ளைகள் நாம். கேட்க நாதியற்றவனுக்கு எது கொடுத்தாலும் போதும் என்னும் மனப்பான்மையின் கொடுமையை நம்மைவிட அறிந்தவர் யார்?

மேலும், செல்வர் வீட்டு நாய்க்கு மருத்துவமனை உண்டு. நாளும் எண்ணும் இல்லாத கண்ணாடிப் பையை வாங்குவோர் ஏழையரே. இக்கவலை உண்மையில் அவர்களுக்கே மிகுதியும் உரியது.

கவலையும் கவனமும்

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? ஒவ்வொரு கவளத்தையும் ஐயுற்று, இரவெல்லாம் அஞ்சி வாழ்வதா? அன்று. கவலை வேறு, கவனம் வேறு. கவலை நெஞ்சுக்குள் சுழன்று தன்னையே தின்னும். கவனம் கையை இயக்கிப் பிறரைக் காக்கும். ஐயம் முற்றி எதனையும் நம்பாதவன் நாய்க்கும் சோறிட மாட்டான், தானும் உண்ண மாட்டான்.

கவனம் எளிய செயல்களால் ஆனது. கட்டுப் பிரிக்காத பையையே வாங்குதல். தயாரித்தவர் பெயரும் முடிவு நாளும் பார்த்தல். சில வாரங்களில் தீரும் அளவே வாங்கி, மூடியுள்ள கலத்தில் ஈரம் படாமல் வைத்தல். முடைநாற்றமோ பூஞ்சையோ கண்டால் காசு போயிற்றே என்று எண்ணாமல் எறிதல். தீனி தீரும்வரை அதன் பையைப் பாதுகாத்தல். தொகுதி எண் அப்பையில்தான் உள்ளது. நாய் உண்ண மறுத்தால் பசி வந்தால் தின்னும் என்று விடாமல், ஏன் மறுக்கிறது என்று கேட்டல். வாயில்லாச் சீவன் பேசும் மொழிகளுள் மறுத்தலும் ஒன்று.

ஆயினும் தனி மனிதனின் கவனம் ஓரெல்லை வரையே செல்லும். மெலமைனைக் கண்ணால் காண இயலாது. அஃப்ளாடாக்சினை நாவால் அறிய இயலாது. பாட்டியால் ஆராய முடியாததை ஆராயும் கடமை ஆக்குவோர்க்கும் விற்போர்க்கும் அரசுக்கும் உரியது. நம் நாட்டில் மனிதர் உணவுக்கென 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும், விலங்குகளின் உணவுக்கென 2009ஆம் ஆண்டின் தீவனச் சட்டமும், அவற்றின் நலனுக்கென 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளன. கால்நடை மருத்துவச் சேவைத் துறை உள்ளது. அத்துறையின் ஆய்வுக்கழகம் நம் ஈப்போவிலேயே அமைந்துள்ளது. சட்டமும் ஆய்வுக்கூடமும் இருந்தும், எவரும் சென்று முறையிடாவிட்டால் அவை எவ்வாறு அறியும்?

மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான் என்பது நாம் மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லும் கதை. கன்றையிழந்த பசு தானே வந்து மணியை அசைத்தது. மன்னனும் இறங்கி வந்தான். மன்னனின் நீதியை நாம் விரித்துரைப்போம். மணியின் கயிறு பசுவுக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? இன்றைய ஆராய்ச்சி மணிகள் ஆய்வுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் உள்ளன. அவற்றின் கயிறு நாய்க்கு எட்டாது. மலாயில் மனு எழுதத் தெரியாத மூதாட்டிக்கும் எட்டாது. எட்டும் உயரத்தில் நிற்பவர்கள் நாம். படித்தவன் என்பதன் பொருள், பிறர்க்கு எட்டாத கயிற்றை அவர்க்காக இழுப்பவன் என்பதேயாகும்.

பாட்டிக்கு நான் சொன்னது

மறுநாள் மாலை நான் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றேன். "நீங்கள் குற்றவாளியல்ல, பாட்டி" என்று சொல்லித் தேற்றவே புறப்பட்டேன். ஆனால் அவர் முகத்தைக் கண்டதும் அச்சொல் பாதி உண்மையே என்று தோன்றியது. குற்றம் வேறு, கடன் வேறு. அறியாமல் இட்டவர்மீது குற்றமில்லை. ஆனால் இட்ட கைக்குக் கடன் உண்டு. அக்கடனை உணர்ந்ததனால்தான் அவர் அழுதார். விற்ற கைகளும் ஆக்கிய கைகளும் உணர வேண்டிய கடனை, சங்கிலியின் கடைசிக் கண்ணியாகிய ஓர் ஏழை மூதாட்டி தனியே சுமந்துகொண்டிருந்தார். அவர் அழுகையைத் துடைப்பதைவிட, அச்சுமையைப் பங்கிடுவதே நேர்மை என்று பட்டது.

"பாட்டி, அது உங்களை நம்பியது தவறில்லை. நீங்கள் கடையை நம்பியதும் தவறில்லை. ஆனால் அந்தப் பையில் பெயரும் நாளும் ஏன் இல்லை என்று நாங்கள் படித்தவர்கள் எவரும் போய்க் கேட்கவில்லையே, அது எங்கள் தவறு" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "அப்படின்னா நீங்க போய்க் கேளுங்க, பெரிய வாத்தியாரே" என்றார்.

சென்று கேட்டேன். கடைக்காரர் முதலில் சிரித்தார். பின்னர் மூலமூட்டையைக் காட்டினார். அதன் முடிவு நாள் கடந்திருக்கவில்லை. ஆனால் வாய் திறந்தபடி ஈரத்தரையில் கிடந்தது. இனி மூட்டையைப் பலகைமேல் வைத்து மூடுவதாகவும், பைகளில் பெயரும் நாளும் எழுதுவதாகவும் ஒப்புக்கொண்டார். இப்போது எழுதுகிறார். மிகச் சிறிய மாற்றம்தான். கறுப்பன் திரும்பி வரப்போவதில்லை.

தருமன் விண்ணுலகின் வாயிலில், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விடுத்து உள்ளே புக மறுத்தான் என்கிறது பாரதக் கதை. நம்பி வந்ததைக் கைவிடாமையே அங்கு அவனுக்கு வைக்கப்பட்ட சோதனை. நமக்கு விண்ணுலக வாயில் காத்திருக்கவில்லை. மளிகைக் கடை வாயிலே உள்ளது. அங்கு நின்று, நம் கையை நம்பும் வாய்களுக்காக ஒரு கேள்வி கேட்கத் துணிவோமாயின், இட்ட கைக்குரிய கடனில் ஒரு பகுதியையேனும் தீர்த்தவராவோம். நம் மாணவர்க்கும் இவ்வொன்றைக் கற்பிப்போமாக: உணவிடுவது அறம்; இடும் உணவை அறிந்து இடுவதே அவ்வறத்தின் நிறைவு.